ஊர்க்காசும் ஊர் வங்கியும்

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. எஞ்சினியரிங் முடித்துவிட்டு பொட்டி தட்டுகிறவன். ஆனாலும் வரி கட்டுகிற எவனுக்கும் அந்தக் காசு எங்கே போய் உட்காருதுன்னு கேட்க உரிமை உண்டு இல்லையா?

அமெரிக்காவில் நகராட்சிகளும் மாநில அரசுகளும் வசூலிக்கிற பணம் பெரும்பாலும் தனியார் வங்கிகளில்தான் போடப்படுகிறது. அதை வைத்து வங்கி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாம். அதே நகராட்சிக்குப் பள்ளிக்கூடம் கட்டவோ சாக்கடை போடவோ பணம் தேவைப்பட்டால், கடன்பத்திரம் வெளியிட்டு வட்டிக்கு வாங்கணும். நம்ம காசை ஒருத்தர்கிட்ட கொடுத்து வைத்துவிட்டு, இன்னொருத்தர்கிட்ட வட்டிக்குக் கை நீட்டுகிற கதைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு வடக்கு டகோட்டா மாநிலம். அங்கிருந்த கோதுமை விவசாயிகளுக்கு மினியாபொலிஸ் வங்கிக்காரர்களும் தானிய வியாபாரிகளும் வைத்ததுதான் வட்டி, வைத்ததுதான் விலை. வெறுத்துப்போய் நான்பார்ட்டிசன் லீக் என்று ஒன்றுகூடி, ஆட்சியைப் பிடித்து, 1919ல் 20 லட்சம் டாலர் முதலில் பேங்க் ஆஃப் நார்த் டகோட்டாவை ஆரம்பித்தார்கள். 1921ல் மாநில ஆளுநர் லின் ஃப்ரேசியரை வாக்காளர்களே திருப்பி அழைத்துவிட்டார்கள். ஆளுநர் போனார், வங்கி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்படி ஓடுது? மாநில அரசின் பணம் இங்கேதான் வந்தாகணும். டெபாசிட்டுக்கு மாநிலமே உத்தரவாதம். ஊருக்கு ஊர் கிளை திறந்து சின்ன வங்கிகளின் பிழைப்பில் மண் போடுவதில்லை. உள்ளூர் வங்கி ஒரு விவசாயிக்கோ கடைக்காரருக்கோ கடன் கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கை இது ஏற்றுக்கொள்ளும். லாபத்தில் ஒரு பகுதி மாநிலக் கஜானாவுக்குப் போகும். 1997ல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அவசரக் கடனோடு முன்னால் வந்து நின்றதும் இந்த வங்கிதான்.

"அரசியல்வாதி கையில் வங்கியா? வெளங்கிடும்!" என்று நீங்க முணுமுணுப்பது கேட்குது. நியாயமான பயம்தான். ஜெர்மனியின் வெஸ்ட்எல்பி அரசுப் பின்னணி உள்ள வங்கி. சொந்த வட்டாரத்தைத் தாண்டிப்போய் அமெரிக்க அடமானப் பத்திரங்களில் கையைச் சுட்டுக்கொண்டு, 2012ல் கலைக்கப்பட்டது. நம்மூரில் 2019ல் பிஎம்சி கூட்டுறவு வங்கி. காகிதத்தில் உறுப்பினர்களே முதலாளிகள். ஆனால் கடனில் பெரும்பகுதி ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்கப் போலிக் கணக்குகள் வேறு. குட்டு வெளிப்பட்டதும், ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம்னு முதலில் உத்தரவு வந்தது. மருத்துவச் செலவுக்குக் காசு வைத்திருந்தவர் என்ன செய்வார்?

அதனால் 'ஊருக்குச் சொந்தம்' என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. என் கட்சி இதுதான்: உள்ளூர் வங்கி வேணும், ஆனால் கடிவாளத்தோடு வேணும். கடன் சொந்த வட்டாரத்துக்குள் மட்டும். ஒரே ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது. யாருக்குக் கடன் என்பதைக் கவுன்சிலர் இல்லை, தொழில் தெரிந்த அதிகாரி முடிவு பண்ணணும். கணக்கு வெளித் தணிக்கைக்குப் போகணும், மக்கள் பார்வைக்கும் வரணும்.

"நமக்குத்தான் 1969லேயே 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியாச்சே" என்று சிலர் சொல்லலாம். ஆக்கினது நல்லதுதான். ஆனால் அதன் முதலாளி மத்திய அரசு. உங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் வேணுமா வேண்டாமான்னு டெல்லிக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ பங்கு இருக்கிற வங்கி என்றால், தப்பு நடக்கும்போது நேரில் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

2019ல் கலிஃபோர்னியா, நகரங்கள் சொந்த வங்கி தொடங்க வழிசெய்து சட்டம் போட்டது. அதுவரை போக வேண்டாம். உங்க நகராட்சியின் காசு எந்த வங்கியில் இருக்கு, அதற்கு என்ன வட்டி வருதுன்னு முதலில் விசாரித்துப் பாருங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் ஆகும் :-)