கணக்கில் வராத வலி

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதே நாட்பட்ட வலி. இந்தியாவின் எட்டு நகரங்களில் தொலைபேசிவழி நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வு, 13 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கண்டது. இத்தகைய எண், யாரிடம் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமையும். சித்தாள் வேலை செய்யும் பெண்ணிடம் நோயுண்டா எனக் கேட்டால் இல்லை என்பார். இடுப்புவலி இரவில் உறங்க விடுகிறதா என்றால் விடை மாறும். உழைப்போடு ஒட்டிவந்த வலியை அவர் நோயாகக் கருதுவதில்லை.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு நாட்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு வழங்கியுள்ளது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ (2019–21) இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை அளந்ததோடு நின்றது. வலியை அளக்க வேறு கருவியில்லை. வலியுற்றவரைக் கேட்டே அறிய வேண்டும். இனிவரும் சுற்றுகளேனும் அதைக் கேட்கட்டும்.