சன்னதுக்கு யார் ஜாமீன்?

வெளிநாடு போய் வக்கீலாகணும்னு சேரிப் பையன் ஒருத்தன் சொன்னால், முதலில் சிரிப்பது ஊர்க்காரன் இல்லை. நம்ம ஆளே சிரிக்கிறான். "மதுரைச் சட்டக் கல்லூரி போதாதா?" என்கிறான். ஆதிக்க சாதி வீட்டுப் பையன் விமானம் ஏறும்போது இந்தக் கேள்வியை எவனும் கேட்டதில்லை.

1916இல் அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்புக்குப் பதிந்தார். கையில் இருந்தது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை. 1917இல் அது தீர்ந்ததும் படிப்பை நடுவில் விட்டுக் கப்பலேறினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலை. கொலம்பியாவில் படித்தவரின் மேசைக்குப் பியூன் கோப்பைத் தூக்கி எறிந்தான், தங்க வீடில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, நண்பர் நவல் பதேனா தந்த கடன் இவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போனார். 1922இல்தான் பாரிஸ்டர் ஆனார்.

அந்த இன்களில் அன்று ஒரு விதி இருந்தது. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. பருவந்தோறும் இத்தனை தடவை என்று மண்டபத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கணும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத நாட்டிலிருந்து போனவருக்கு, சேர்ந்து சாப்பிடுவதே தகுதி! வெள்ளைக்காரன் யோக்கியன்னு சொல்ல வரலை. இந்த நாட்டின் யோக்கியதையைச் சொல்றேன்.

பட்டம் வேறு, சன்னது வேறு. இன்றும் நம்ம பிள்ளைகள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான். 2021 முதல் இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக இரண்டு கட்டத் தேர்வு, அதோடு 2 ஆண்டு சட்டப் பணி அனுபவம். தேர்வுக் கட்டணம் மட்டும் 4,700 பவுண்டுக்கு மேல். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட இருந்த 2 ஆண்டை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாக்குவதாக 2025இல் அறிவித்தார்கள். 18 மாதத்துக்குள் 24 மாதத்தை எப்படி அடைப்பது?

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான். அதுவும் 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு 'நிதி இருந்தால்' என்றார்கள். தகுதி இருக்கு, காசு இல்லையாம்!

சரி, கடன் வாங்கலாமே என்பீர்கள். வங்கிக் குமாஸ்தாவாகச் சொல்றேன்: வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். போடியில் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் நம்ம அக்காமாரிடம் என்ன சொத்து இருக்கு? மலை முழுக்க அவங்க கை பட்ட செடி. ஒரு செண்டு அவங்க பேரில் இல்லை. விண்ணப்பத்தில் சாதியைக் கேட்டு மறுப்பதில்லை. பட்டாவைக் கேட்கிறார்கள். இந்த மண்ணில் ரெண்டும் ஒண்ணுதான்.

வக்கீல் எதுக்கு என்று கேட்பவர் 1989 போடிக் கலவரத்தை நினைத்துப் பார்க்கட்டும். அதே வருஷம்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் கெடக்கும். கோர்ட்டில் எழுந்து நிற்க ஆள் வேணும். 1927இல் மகத் குளத்தில் தண்ணீர் அள்ளிய உரிமை, வழக்காகி, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உறுதியானது 1937இல். பத்து வருஷம் விடாமல் நின்றவர் அந்தக் கிரேஸ் இன் பாரிஸ்டர்.

போகிறவன் திரும்பி வருவேன்னு சத்தியம் பண்ணணும் என்று நான் கேட்கவில்லை. மற்ற யாரிடமும் கேட்காத சத்தியத்தை நம்மிடம் மட்டும் ஏன் கேட்கணும்? நாம் அரசிடம் கேட்கவேண்டியது இரண்டு. உதவித்தொகை பட்டத்தோடு நிற்காமல் சன்னது வரைக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக் காலத்துக்கும் சேர்த்து வரணும். நிலமில்லாதவன் பிள்ளையின் கல்விக் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்கணும்.

தோழர்களே, இது பிச்சை இல்லை. அந்த மலையில் பறித்த காய்க்கு வரவேண்டிய பாக்கி.