மனம் இரங்கக் காத்திருந்தவர்கள் அல்லர்

அறவழிப் போராட்டம் என்றால் அடியைப் பொறுத்துக்கொண்டு, அடிப்பவன் மனம் இரங்கும் நாளை எதிர்நோக்கிக் கிடப்பது என்ற எண்ணம் படித்தவர்களிடையே கூட ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிய பேச்சில் இவ்வெண்ணம் இரண்டு வேடங்களில் வந்து போகிறது. காவல்துறையின் கொடுமையைக் கண்டித்து மக்கள் சாலையை மறிக்கும்போதெல்லாம், மார்ட்டின் லூதர் கிங்கைப் போல் யாருக்கும் இடையூறின்றிப் போராடக் கூடாதா என்று உபதேசிப்பவர்கள் ஒருபுறம். கெஞ்சிப் பெறுவது உரிமையாகாது, திருப்பி அடித்தால்தான் அதிகாரம் பணியும் என்று முழங்குபவர்கள் மறுபுறம். முன்னவர் புகழ்வதும் பின்னவர் இகழ்வதும் வரலாற்றில் நடந்தே இராத ஒரு போராட்டத்தை.

யாருக்கும் இடையூறு செய்யாத கிங் என்பவர் அவருடைய மறைவுக்குப் பின் வசதிக்காகப் படைக்கப்பட்டவர். 1966இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதத்தினர் அவரைப் பற்றித் தங்களுக்கு நல்ல எண்ணம் இல்லை என்றே கூறியிருந்தனர். ஊரின் அன்றாட ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தாத ஒருவர் அத்தனை வெறுப்பைச் சம்பாதித்திருக்க முடியாது.

அந்தத் தடுத்து நிறுத்தலுக்குப் பின்னால் இருந்த உழைப்பு நாஷ்வில் நகரில் தெளிவாகத் தெரிகிறது. நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் 1950களில் பணியாற்றி, காந்தியின் முறைகளைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் சமயப் பணியாளர், 1959இல் அந்நகரின் மாணவர்களுக்குத் தேவாலயத்தில் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். மாணவர்களில் சிலர் வெள்ளை ரவுடிகளாக நடித்து, உட்கார்ந்திருப்பவரை வசைபாடுவர், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவர். விழுந்தவர் தலையையும் வயிற்றையும் காத்துக்கொள்ளும் விதத்தையும், அடிபடும் தோழர்மீது தன் உடலைக் குறுக்கே போட்டு அடியைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தையும் மீண்டும் மீண்டும் பழகுவர். கறுப்பினத்தவர் காசு கொடுத்துத் துணி வாங்கலாம், ஆனால் அதே கடையின் சிற்றுண்டி மேசையில் உட்காரக் கூடாது என்ற இன ஒதுக்கல் விதியை எதிர்த்து 1960 பிப்ரவரியில் அவர்கள் அந்த மேசைகளில் போய் உட்கார்ந்தபோது, நிமிர்ந்து உட்கார வேண்டும், முகம் எப்போதும் மேசையை நோக்கியே இருக்க வேண்டும் என்பதுவரை விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. காவல்துறை தாக்கியவர்களை விட்டுவிட்டுத் தாக்கப்பட்ட மாணவர்களில் 80 பேருக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. ஒரு குழுவைப் பிடித்துச் சென்றதும் காலியான இருக்கைகளில் அடுத்த குழு வந்து அமர்ந்தது. ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் கடைத்தெருவையே புறக்கணித்தன; மே 10 அன்று மேசைகள் திறந்துவிடப்பட்டன. கடைக்காரர்களின் நெஞ்சு உருகியதா என்பது அவர்களுக்கே வெளிச்சம். கல்லா காலியானது ஊருக்கே தெரிந்தது.

அடிபடுவதே வெற்றியைத் தேடித் தரும் என்ற கருத்தும் ஆராய்ந்தால் நிற்பதில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரக் காவல் தலைவர் லாரி பிரிட்சட், கிங்கின் முறைகளை முன்கூட்டியே படித்து, 1961-62இல் ஊர்வலம் வந்தவர்களைப் பலர் பார்க்க அடிக்காமல் மரியாதையாகக் கைது செய்து, தம் சிறை நிரம்பிவிடாதபடி சுற்றுவட்டாரச் சிறைகளுக்கு அனுப்பினார். சிறைத் தண்டனையை ஏற்ற கிங்கே, யாரோ அபராதத் தொகையைக் கட்டிவிட்டதாகச் சொல்லப்பட்டு வெளியே அனுப்பப்பட்டார். சிறையிலிருந்து துரத்தப்பட்ட கைதி என்ற வேடிக்கையை அரசியல் வரலாறு அடிக்கடி காண்பதில்லை. பெரிய ரத்தக்களரி நிகழவில்லை, இன ஒதுக்கலும் அசையவில்லை. காவலர் நாகரிகமாக நடந்துகொண்டால் நீதி கிடைத்துவிட்டதாகக் கொள்வோர் ஆல்பனியை நினைவில் கொள்வது நல்லது.

ஆல்பனியின் தோல்வியிலிருந்து பாடம் கற்றே 1963இல் பர்மிங்ஹாம் திட்டம் தீட்டப்பட்டது. வயட் வாக்கர் என்ற அமைப்பாளர் தேவாலயத்திலிருந்து ஒவ்வொரு கடைக்கும் நடக்க ஆகும் நேரத்தையும், சிற்றுண்டி மேசைகளின் இருக்கைகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். போராட்டம் ஈஸ்டர் விற்பனைக் காலத்துக்கு வைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் பள்ளி மாணவர்கள் அலை அலையாகக் கைதாகிச் சிறைகளை நிரப்ப, காவல்துறைக்குப் பொறுப்பான ஆணையர் யூஜின் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார். மே 10 அன்று உடன்பாட்டுக்கு இறங்கி வந்தவர்கள் வணிகர்கள். கானர் கடைசிவரை இரங்கவில்லை, அவர் இரங்க வேண்டிய தேவையும் திட்டத்தில் இருக்கவில்லை. வெடிகுண்டுத் தாக்குதல்களை அடுத்து அந்நகரில் கலவரமும் மூண்டது, அது வாஷிங்டனை அச்சுறுத்தியது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கலவரத்துக்கு முன்பே உடன்பாடு கையில் இருந்தது. 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்த எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆகியோர், வன்முறையற்றவற்றில் 53 சதவீதமும் ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதமும் வென்றதாகக் கணக்கிட்டிருப்பதும் திருப்பி அடிக்கச் சொல்வோரின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

எனினும், கடைக்காரருக்குக் கல்லா இருப்பதுபோல் காவல் நிலையத்துக்கு இல்லை என்பதால், இந்தப் போராட்ட முறை காவல்துறையிடம் அதே வேகத்தில் பலிக்கவில்லை. 1961இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில் இன ஒதுக்கலை மீறி நுழைந்த 15 எபிஸ்கோப்பல் திருச்சபைப் பாதிரியார்களில் சிலர், தங்களைக் கைது செய்த காவலர்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில்தான் 1967இல் உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாகக் காவலர் வாதிட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப வழி செய்தது. அரசு ஊழியர் தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை மீறினாலன்றி அவரிடம் இழப்பீடு கோர முடியாது என்னும் தகுதிசார் விலக்குரிமையாக அது பின்னர் வளர்ந்தது. அமைதியாக நுழைந்தவர்களின் வழக்கே அடிப்பவர்களின் கேடயத்துக்கு வித்தானது.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலின் கீழ் உயிரிழந்ததை அடுத்து மக்கள் தெருவில் இறங்கியபோது, கோரிக்கைகளுள் ஒன்றாக இந்த விலக்குரிமையின் ஒழிப்பு இடம்பெற்றது. ஜூன் 19 அன்று கொலராடோ மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, மாநில அரசியல் சாசன உரிமையை மீறியதாகத் தொடரப்படும் வழக்கில் காவலர் அந்த விலக்குரிமையைக் காட்டித் தப்ப முடியாது; தம் செயல் சட்டத்துக்கு உட்பட்டது என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்படாதவர், தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும்.