முல்லைப்பெரியாறு: பதற்றம் வரும் தேதியைக் கவனிங்க

1. காய்ச்சல்னு வந்தா டாக்டர் கேட்கிற முதல் கேள்வி "எப்போ ஆரம்பிச்சது?" கம்பம் பள்ளத்தாக்கை அப்பப்போ பிடிக்கிற முல்லைப்பெரியாறு காய்ச்சலுக்கும் அதே கேள்வியைக் கேட்போம்.

2. 2006 பிப்ரவரி 27: நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடியாக உயர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சிலேயே கேரள சட்டமன்றம் "136 தான்" என்று சட்டத்தைத் திருத்தியது. ஏப்ரலில் அங்கே தேர்தல்.

3. 2011: கேரளத்தில் ஆளுங்கூட்டணிக்கு 140-ல் 72 இடம்தான். அக்டோபர் 30-ல் அமைச்சர் டி.எம்.ஜேக்கப் காலமானார். அவர் பிறவம் தொகுதியில் ஜெயித்தது வெறும் 157 ஓட்டில். அடுத்த சில வாரங்களில் "அணை உடையப் போகுது" என்ற குரல் உச்சத்துக்குப் போனது.

4. அங்குள்ள மக்களின் பயம் பொய் இல்லை. அந்த வருஷம் இடுக்கியில் நில அதிர்வு வந்தது. அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து கொடுக்காம, அதை வளர்த்தவர்கள் அரசியல்வாதிகள்.

5. நம்ம பக்கம் மட்டும் யோக்கியமா? அணையைக் காத்தது நாங்களா நீங்களா என்று இங்கேயும் கட்சிகளுக்குள் போட்டி. மலையாளிகளின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. டீக்கடை வைத்திருந்தவருக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்?

6. விலை கொடுத்தது யார்? குமுளி பாதை அடைபட்டது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலை இறங்கி ஓடி வந்தார்கள். கூலி நின்னா ஏழை வீட்டில் முதல்ல நிக்கிறது பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும்தான். அந்த பாதிப்பு எந்தக் கட்சியின் கணக்கிலும் வராது.

7. 2012 மார்ச் 17-ல் பிறவம் இடைத்தேர்தல் முடிந்தது. நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் குழு "அணை பாதுகாப்பாக உள்ளது" என்று அறிக்கை கொடுத்தது ஏப்ரலில். 2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் 142 அடியை உறுதி செய்தது.

8. நாடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். கச்சத்தீவு 1974-ல் இலங்கைக்குப் போனது. 2024 மார்ச் 31-ல் பிரதமர் அதைத் திரும்பக் கிளப்பினார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஓட்டு எண்ணி முடிச்ச பிறகு அந்தப் பேச்சு எங்கே போச்சு?

9. பிரச்சனையே இல்லைன்னு நான் சொல்லல. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். உரிமையை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனா உரிமையை வாங்கிக் கொடுத்தது நீதிமன்றமும் நிபுணர் அறிக்கையும். உடைந்த கடைக் கண்ணாடி ஒரு அடி தண்ணீரைக் கூட உயர்த்தல.

10. அடுத்த முறை "அணை உடையுது", "தண்ணீரைத் தடுக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் ரெண்டு விஷயம் பாருங்க. இன்றைய நீர்மட்டம் என்ன? அடுத்த தேர்தல் எப்போ, எங்கே? ரெண்டுக்கும் விடை தெரியும் வரை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. நாளைக்குக் காலையிலும் கம்பத்திலிருந்து ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகணும், நம்ம வீட்டுப் பெண்கள்.