சளி மாத்திரை என்ற மூடநம்பிக்கை

நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, சளி பிடித்தால் மருந்துக்கடை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் போதும் என்கிற வாதம், உத்திரமேரூர்ப் பக்கத்துப் புழக்கடைகளைக் காலி செய்யும் வாதம். கொறகொறவென்று மூச்சு இழுப்பது வெள்ளைக்கழிச்சலின் தொடக்கமாகவும் இருக்கலாம். அது வைரஸ் நோய், நுண்ணுயிர்க்கொல்லிக்கு மசியாது. மைக்கோபிளாஸ்மா சளி என்றால் மருந்து கேட்கும்தான். ஆனால் தேறிய கோழியும் கிருமியைச் சுமந்தே திரியும். மாத்திரை கொடுத்துச் சில பிழைக்கின்றனவே என்பார்கள். தானாகத் தேறியவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மரத்தில் அடையும் கோழியைப் பிடித்து வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவது பெரும்பாடு என்ற குறை மட்டும் நியாயம். அதற்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. பிப்ரவரியில் நடக்கும் கால்நடைத் துறை முகாமில் ஊசியும் இலவசம். நோய் வருமுன் போடுங்கள். இழுக்கும் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.