மயக்கம் தெளிந்த பிறகும் கணக்கு வேண்டும்

இதயத்தில் கோளாறு என்றால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், புற்றுநோய் என்றால் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி. நாகர்கோவிலிலும் நெல்லையிலும் பல குடும்பங்களுக்குத் திருவனந்தபுரம் அப்படித்தான் பழக்கம். எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் ஆபரேஷனுக்கு முன் வீட்டார் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அதில் இருக்கும். இதே வயதும் இதே நோயும் உள்ளவர்களில் எத்தனை பேர் நலமாகத் திரும்பினார்கள் என்று கேட்டால், நம் நாட்டின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பதில் கிடைக்காது. அந்தக் கணக்கை எடுத்து வெளியிடக் கேரளம் முன்வர வேண்டும்.

ஆபரேஷனுக்காக முழு மயக்கம் தருவது இன்று மிகவும் பாதுகாப்பாகிவிட்டது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவியும் அதற்குப் பெரிய காரணங்கள். மயக்க மருந்தால் மட்டுமே உயிர் போவது அபூர்வம். நோயாளி கொண்டுவரும் உடம்புதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. 30 வயதுக்காரரின் பித்தப்பை ஆபரேஷனும், சர்க்கரையும் சிறுநீரகப் பழுதும் உள்ள 75 வயதுக்காரருக்கு நள்ளிரவில் அவசரமாகச் செய்வதும் ஒன்றல்ல. உடல்நிலையைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்க மயக்கவியலர்கள் 1941-லேயே வகுத்துவிட்டார்கள். நம் மருத்துவர்களும் அந்தத் தரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். எழுதியது அங்கேயே தூங்குகிறது. முதியவர்கள் அதிகமுள்ள கேரளத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம்: 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6. மயக்கம் தெளிந்தபின் ஓரிரு நாள் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பேசும் முதியவர்களைப் பல வீடுகள் பார்த்திருக்கும். அதுவும் பதிவாக வேண்டிய விளைவுதான்.

கணக்கை வெளியிட்டால் சிக்கலான நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வரும் என்கிறார்கள் மருத்துவர்கள். நியாயமான அச்சம். வெறும் இறப்பு எண்ணிக்கையைப் போட்டால் மருத்துவக் கல்லூரியும் ஆர்.சி.சி.யும் கீழே நிற்கும், எளிய கேஸ்களை மட்டும் எடுக்கும் நர்சிங் ஹோம் மேலே ஏறும். ஆகவே வயது, உடல்நிலைத் தரம், அவசரமா இல்லையா என்று பிரித்தே வெளியிட வேண்டும்.

வழக்குக்கும் அடிதடிக்கும் அஞ்சுவோருக்கு விடை கேரளத்திலேயே இருக்கிறது. 2004 முதல் அங்கே மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, அரசின் துணையோடு, தாய்மார் மரணங்களைப் பெயர் மறைத்து ஆராய்கிறது. யாரைத் தண்டிப்பது என்பது அங்கே கேள்வியல்ல. எங்கே தவறியது என்பதே கேள்வி. அதே ஏற்பாட்டை மயக்கவியலுக்கும் விரிக்கலாம்.

கணக்கு டிஸ்சார்ஜ் அன்றே முடியவும் கூடாது. எல்லை தாண்டி ஊர் திரும்பியவருக்குப் பத்தாம் நாள் நிமோனியா வந்தால், அவர் சேருவது நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில். திருவனந்தபுரத்துப் பதிவேட்டில் அவர் குணமாகிப் போனவர். முப்பதாம் நாள் ஒரு போன் போட்டு விசாரிக்க ஆள் வைப்பது பெரிய செலவல்ல.

கேரள சுகாதாரத் துறை இதை அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கட்டும். சிகிச்சைக்கு வந்தவர்களில் எல்லை தாண்டியவர்களும் உண்டு என்பதால், அவர்களின் முப்பது நாள் விவரத்தைச் சேர்த்துத் தரும் பொறுப்பைத் தமிழக அரசு ஏற்க வேண்டும்.