ஹெரால்டா? இன்னோவாவா?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ போடி வீட்டுல ஒரு பஞ்சாயத்து. ஷெட்டுல இடம் ஒண்ணுதான். உள்ள தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அப்பா வாங்கின இன்னோவா கிரிஸ்டா வெயில்ல காயுது. பழசை வித்துடலாமா, வச்சுக்கலாமா?

நான் ஹெரால்டு கட்சி. 1959-ல இங்கிலாந்துல ட்ரயம்ப் ஹெரால்டா வந்து, 1961-லேர்ந்து சென்னையில ஸ்டாண்டர்ட் ஹெரால்டா தயாரான வண்டி. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. ரெண்டே கதவு. பானெட்டைத் தூக்கினா மட்கார்டோட சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாத் திறந்துக்கும். இஞ்சின் 948 சிசிதான், ஆனா 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். கிரிஸ்டாவுக்கு 35 அடி வேணும். போடிமெட்டு ஏறுற 17 கொண்டை ஊசி வளைவுலயும் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

சொல்லப்போனா ரெண்டும் தூரத்துச் சொந்தம். ரெண்டுலயும் தனி சேசிஸ், அதுமேல பாடி. 2005-ல வந்த முதல் இன்னோவாவும் 2016-ல வந்த கிரிஸ்டாவும் அப்படித்தான். 2022-ல அறிமுகமான ஹைகிராஸ்லதான் அதை விட்டாங்க.

இதையெல்லாம் சாப்பிடும்போது அடுக்கினேன். இஞ்சினியரிங் படிச்ச திமிரு :-) எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்டுச்சு.

"ஏண்டா, அதுல நீ என்னைக்காவது பின்னாடி உக்காந்திருக்கியா?"

யோசிச்சுப் பாத்தேன். இல்லை. பேரன்ங்கிறதால தாத்தா பக்கத்து முன் சீட்டு எனக்கு. பின்னாடி அப்பத்தா, அம்மா, அத்தை. முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு, சேலையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நுழையணும். இறங்கணும்னா முன்னாடி இருக்கிறவங்க மனசு வச்சு இறங்கணும். வீரபாண்டி திருவிழாவோ, சுருளி அருவியோ, வழியில டீக்கடை வந்தா தாத்தா இறங்கி நின்னு குடிப்பார். பின்னாடி இருக்கிறவங்களுக்கு டம்ளர் மட்டும் ஜன்னல் வழியாப் போகும்.

இப்போ முட்டி வலியோட அப்பத்தா தானே கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடிச்சு ஏறி, நடு சீட்டுல உக்காருது. "நிப்பாட்டுப்பா"ன்னு சொல்லிட்டு அதுவே இறங்கி டீ குடிக்குது. மினிவேன்ல அழகு இல்லைதான். ஆனா ஆளுக்கு ஒரு மரியாதை இருக்கு.

ஹெரால்டு மேல எனக்கிருந்தது முன் சீட்டுக்காரனோட காதல். எந்த வண்டி நல்ல வண்டின்னு ஓட்டினவனைக் கேக்கக்கூடாது, பின்னாடி உக்காந்தவங்களைத்தான் கேக்கணும். வண்டிக்கு மட்டுமில்ல, "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு நாம எழுதித் தள்ளுற எல்லாத்துக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன்.

சரி, வித்துடலாம்னு நானே சொன்னேன். அப்பத்தாதான் தடுத்துச்சு. "கிடக்கட்டும்டா, அவரு ஓட்டுன வண்டி."

ஷெட்டு இன்னோவாவுக்கு. ஹெரால்டு இப்போ தார்ப்பாய் போத்திக்கிட்டு வேப்பமரத்தடியில. கிளம்புறதுக்கு முன்னாடி ஒருதடவை பின் சீட்டுல ஏறி உக்காந்து பாத்தேன். வெளிய வர அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்துச்சு.